சிகிச்சை அறைக்குள் இன்னொரு நாற்காலி

ஏழு வாரமாக வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. இந்த விஷயத்தில் அதற்கு முந்தைய இருபத்துமூன்று வருஷமும் நான் பேசாமல்தான் இருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொண்டால், என் பொறுமைக்கு யாராவது சால்வை போர்த்தியிருக்க வேண்டும். நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதாக அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். கோபம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேற்று வந்த அழைப்பிதழைப் பார்த்தபின் அந்தக் கோபத்தோடு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பெரும்பாக்கத்தில் நீ திறக்கப்போகும் புதிய பல் மருத்துவமனை, குழந்தைகளுக்கென்று தனி அறை, குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைப்பவர் என்று என் பெயர். அறைகளின் வரைபடத்தையும் "அப்பாகிட்ட காட்டு" என்று அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாய். காட்டினாள். குழந்தைகள் அறையில் நோயாளிக்கு ஒரு சாய்வு நாற்காலி, உனக்கு ஒரு ஸ்டூல், உதவிக்கு நிற்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல். அவ்வளவுதான். கதவுக்கு வெளியே பெரிய ஹால், மீன் தொட்டி, டிவி. கதவில் மாட்டப்போகும் பலகையின் வாசகத்தைக்கூட வரைந்தவர் அதிலேயே எழுதிவிட்டார்: 'பெற்றோர் வெளியே காத்திருக்கவும்.' அந்தப் பலகை மாட்டிய இடத்தில் விளக்கேற்ற நான் வரமாட்டேன். ஏன் என்று நீ கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்கிறேன்.

முதலில் ஏழு வாரத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை. கீழ்க்கட்டளையில் நீ இப்போது நடத்தும் கிளினிக்குக்கு நான் வாராவாரம் வந்து உட்கார்ந்தது நீ கூப்பிட்டு அல்ல, நானாகத்தான் வந்தேன். முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவனை ஐம்பத்துமூன்று வயதில் 'விருப்ப ஓய்வு' என்று பெயர் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பதை எத்தனையோ முறை சொல்லி உங்களுக்குக் காது புளித்திருக்கும். டோக்கன் எழுதுவதும் பெயர் கூப்பிடுவதும் எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. கூட வந்த அப்பா சாப்பாடு டெலிவரி செய்பவர், அந்தக் கம்பெனி பனியனோடே வந்திருந்தார். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு "அப்பா, அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தது. அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைப் பனியனால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் சார்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"என்னைத்தான் கூப்புடுது சார்." ஏதோ தப்பு செய்துவிட்டு ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"போங்க. உள்ள போங்க," என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் திறந்தது தப்பு. அந்தத் தப்பை மறுபடியும் செய்வேன். அவர் போய்க் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய பனியனை ஒரு கையால் பற்றிக்கொண்டது. அழுகை நின்றது. நீ முகக்கவசத்துக்கு மேலே என்னைப் பார்த்து, "அப்பா, ப்ளீஸ். அவரைக் கூட்டிட்டு வெளிய போங்க. டோர் க்ளோஸ் பண்ணுங்க," என்றாய். வெளியே எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். சாயந்திரம் ஷட்டரை இறக்கும்போது, "நெக்ஸ்ட் வீக்ல இருந்து வர வேணாம்ப்பா, ரெஸ்ட் எடுங்க," என்றாய். கம்பெனிக்காரர்களாவது ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி நீயும் தாம்பரம் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அந்தப் பேச்சு மறுபடி வந்தது. அந்தக் குழந்தை அப்பாவைப் பார்த்து அடங்கவில்லை, ஊசி மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததால் அடங்கியது என்றாய். "அரை நிமிஷத்துலயா?" என்றேன். "ஆமாப்பா, அப்படித்தான் ஆகும்," என்றாய். எனக்கு மருந்து தெரியாது, நீ சொன்னது சரியாகவும் இருக்கலாம். அம்மா தோசைக் கல்லை விட்டுத் திரும்பாமலே, "அவன் அதுக்குத்தானே படிச்சிருக்கான், அவனுக்குத் தெரியாதா?" என்றாள். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நீங்களும்தான் அன்னிக்கு வெளிய உக்காந்திருந்தீங்க. எனக்கு என்ன ஆயிடுச்சு? பல்லு சரியாச்சு. நானே பல் டாக்டர் ஆயிட்டேன். என்ன கெட்டுப்போச்சு?" நான் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன். என்ன கெட்டுப்போயிற்று என்று அப்போது சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். நீ உதாரணமாக எடுத்துக் காட்டிய அந்த நாளை உனக்குக் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் இருந்தவன் நான்.

உனக்கு ஆறு வயது. நாம் மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். கீழே கடைவாயில் ஒரு பால் பல் சொத்தையாகி, கன்னம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. உன் மாமாதான், அம்மாவின் அண்ணன்தான், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார் என்று சொன்னார். "பசங்களை அடக்குறதுல கில்லாடி. நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கிற பையனுக்கு அவர்தான் சரி." வைத்தியம் பார்ப்பதில் கில்லாடி என்று அவர் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தச் செல்லம் என்ற சொல்லுக்காக நான் இன்றுவரை உன் மாமாவை மன்னிக்கவில்லை. அவருடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முதுகுவலி என்று நான் வராமல் இருந்தது முதுகுவலியால் அல்ல.

ஸ்கூட்டரில் வழக்கம்போல் எனக்கு முன்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ஊசி போடுவாங்களாப்பா?" என்று கேட்டாய். "சேச்சே. சும்மா லைட் அடிச்சுப் பாப்பாங்க, அவ்ளோதான்," என்றேன். நீ ஒரு தடவை கேட்டிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் சொன்னேன். இதே நான்தான் அதற்கு முந்தின ஒரு வருஷமாக, நீ சோற்றைத் தள்ளும்போதெல்லாம், "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லுவேன்," என்று மிரட்டியவன். நம் வீடுகளில் எல்லா அப்பா அம்மாவும் செய்வதுதான். டாக்டரை வருஷம் முழுக்கப் பூச்சாண்டியாக்கி வைத்துவிட்டு, அவரிடம் கூட்டிப்போகும் நாளில் மட்டும் அவர் ஒன்றும் செய்யமாட்டார் என்போம். அந்த இரண்டு பொய்க்கும் நடுவில் உன்னை நிற்க வைத்துத்தான் ஸ்கூட்டர் ஓட்டிப்போனேன்.

மாடியில் கிளினிக். அந்த டாக்டர் நல்ல உயரம், நல்ல ஆங்கிலம். உன்னை நாற்காலியில் ஏற்றியதும் என்னைப் பார்த்து, பிள்ளைகளால் ஒரு பிரச்சினையும் இல்லை, பெற்றோர்தான் பிரச்சினை என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைக் காட்டினார். நான் சிரித்தேன். "யெஸ் டாக்டர்," என்றேன். எம்.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறியவன் நான். படித்த அப்பா ரகளை பண்ணமாட்டான், படித்த அப்பாவின் பிள்ளை ஊரைக் கூட்டமாட்டான் என்று அவர் நினைக்க வேண்டும் என்பதுதான் அந்த நிமிஷத்தில் எனக்கு முக்கியமாக இருந்தது. நீ என் சட்டைப் பையைப் பிடித்திருந்தாய். உன் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்து தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். காலி அலுமினியப் பாத்திரம் காலடியில், முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். உள்ளே நீ கத்த ஆரம்பித்ததும் நான் மேஜையில் கிடந்த பழைய வாரப் பத்திரிகையை எடுத்துப் பிரித்தேன்.

"இன்னா சார், புள்ள அப்டி கத்திகினு கீது. நீ பொஸ்தகம் பட்ச்சிகினு கீற?"

"டாக்டர்தாம்மா வெளிய இருக்கச் சொன்னாரு."

"அவுரு சொல்லுவாரு. புள்ள உன்னோடதா, அவுரோடதா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். "அப்பா, அப்பா" என்று உன் குரல் வந்துகொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நின்றது. குறைந்து குறைந்து நிற்கவில்லை. பாதி வார்த்தையில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா எழுந்தார். போய்க் கதவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். "டாக்டரே, கதவத் தொற. புள்ளைய இன்னா பண்ற?" டோக்கன் கொடுக்கிற பெண் ஓடிவந்து, "யம்மா, உக்காரு. உன் டோக்கன கிழிச்சிப் போட்டுடுவேன்," என்றாள். "கிழிச்சிக்க. நோவு எங்கூட வந்துச்சி, எங்கூடவே போவட்டும்," என்று இன்னொரு தட்டு. அப்போது நான் பேசினேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. "ஏம்மா இப்படிக் கலாட்டா பண்றீங்க, கொஞ்சம் அமைதியா இருங்க," என்றேன். அந்த இடத்தில் நான் அடக்கியது அந்த அம்மாவைத்தான். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு படியிறங்கிப் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க மார்க்கெட்டில் இரண்டு தடவை தேடினேன். மூன்றாவது தடவை தேடவில்லை. அதுவும் என் குணம்தான்.

நீ வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாய். "குட் பாய் சார், கடைசில அழவே இல்ல," என்றாள் அந்தப் பெண். நீ என்னைத் தாண்டிப் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியிறங்கினாய். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வரவில்லை, பின்னால் ஏறி உட்கார்ந்தாய். வளர்ந்துவிட்டான் என்று நினைத்தேன். ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பையன் தைரியசாலி என்று சொல்லித் திரிந்தேன். பத்து நாள் கழித்து, அம்மா உன்னைக் குளிப்பாட்டும்போது நீ சொன்னாய்: அவர் உன் வாயைக் கையால் பொத்தி, அழுகையை நிறுத்தினால்தான் கையை எடுப்பேன் என்றாராம். அம்மா வந்து என்னிடம் சொன்னாள். நான் உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த டாக்டரிடம் போய்ச் சண்டை போடவும் இல்லை. ஞாபகப்படுத்த வேண்டாம், தானாக மறந்துவிடுவான் என்றேன். மறந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நீயே சொன்னாய்: "வாயைப் பொத்துறது அந்தக் காலத்துல ஒரு மெத்தட்ப்பா, இப்ப யாரும் பண்றதில்ல." யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாய். நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் கை நல்ல கை, நான் பார்த்திருக்கிறேன். என் வழக்கு உன் கையைப் பற்றியது அல்ல, உன் கதவைப் பற்றியது.

என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டாயே. பதின்மூன்று வயதில் கிரிக்கெட் ஆடி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாய். இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டுவிட்டு, எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து டிவி பார்த்தாய். எதிர்வீட்டுக்காரர் வீக்கத்தைப் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வரும் வழியில், "ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லி?" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான். அதில் கோபம்கூட இல்லை. பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கிப் படித்தபோது டெங்குவில் ஐந்து நாள் படுத்திருந்ததை, நீ எழுந்து நடமாடிய பிறகு உன் நண்பன் உளறித்தான் தெரிந்துகொண்டோம். தாம்பரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம், ஒரு போன் இல்லை. அம்மா உன்னை அழுத்தக்காரன் என்பாள், பெருமையாகத்தான் சொல்வாள். எனக்கு அதில் பெருமை இல்லை. ஊசி வலிக்கும் என்பதை எந்தக் குழந்தையும் மறந்துவிடும். கூப்பிட்டால் அப்பா வரமாட்டார் என்பதை நீ ஆறு வயதில் தெரிந்துகொண்டாய், அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. எல்லாவற்றையும் அந்த அரை மணி நேரத்தின் தலையில் கட்டுகிறேன் என்று நீ சொல்லலாம். சொல்லிக்கொள். அந்த அரை மணி நேரத்தில் நான் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை ஐந்து வயதுக் குழந்தையின் மேல் சட்டமாகப் போடாதே என்கிறேன்.

பெற்றோர் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றோரை நீ உள்ளே விட்டுக்கொண்டிருந்த ஆரம்ப நாட்களில், உன் கிளினிக்கில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். நீ பல்லைப் பார்க்கும் கண்ணாடிக் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "வலிக்குதா கண்ணா, வலிக்குதா?" என்று கேட்டுக் கேட்டே பிள்ளையை அழவைத்த அம்மாவைப் பார்த்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தவரைப் பார்த்தேன். வாயைத் திறக்காத மகனை எல்லார் எதிரிலும் அறைந்த அப்பாவையும் பார்த்தேன். அவரை வெளியே அனுப்பியபோது நீ சரியாகத்தான் செய்தாய். நீ சொல்லாமல் இருந்திருந்தால் நானே அனுப்பியிருப்பேன். ஒரு பத்து வயதுப் பையன், "நீ இருந்தா எனக்கு வெக்கமா கீதுப்பா, வெளிய போ," என்று அவன் அப்பாவிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அது அந்தப் பையன் எடுத்த முடிவு. யார் உள்ளே இருக்க வேண்டும், யார் வெளியே போக வேண்டும் என்பதை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து, அந்தக் குழந்தையையும் ஒரு வார்த்தை கேட்டு நீ முடிவு செய். அதற்குத்தான் படித்திருக்கிறாய். பலகை மாட்டிவிட்டால் படித்தவன் எதற்கு?

அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லி அனுப்பு. ஊசி போடமாட்டார்கள் என்று வழியில் பொய் சொல்லாதீர்கள், கொஞ்சம் வலிக்கும், நான் கூடவே இருப்பேன் என்று மட்டும் சொல்லுங்கள், உள்ளே வந்தால் கால்மாட்டில் உட்கார்ந்து பேசாமல் காலைத் தொட்டுக்கொண்டிருங்கள். இவ்வளவுதான், அரைப் பக்கம் வராது. இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. உன் வரைபடத்தை நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். கிழக்குச் சுவரில் போட்டிருக்கிற அலமாரியை ஹாலுக்கு மாற்றினால், நாற்காலியின் கால்மாட்டில் இரண்டரை அடி கிடைக்கும். கைப்பிடி இல்லாத சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தாராளமாகப் போடலாம். உன் உதவிப் பெண் திரும்புவதற்கும் வழி இருக்கும். தச்சர் வேலை அடுத்த வாரம்தான் ஆரம்பிக்கிறது என்று அம்மா சொன்னாள். பலகையை எடுத்துவிட்டு அந்த நாற்காலியைப் போடு. போட்டால், தீப்பெட்டியோடு முதல் ஆளாக வந்து நிற்பேன். போடாவிட்டால் அன்றைக்கு நான் தாம்பரம் வீட்டில்தான் இருப்பேன். உடம்பு சரியில்லை என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும், உன் மாமா உட்பட, காரணத்தை முழுசாகச் சொல்வேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் நீ இரண்டு பக்கம் படித்துவிட்டு, அப்பா ஆரம்பிச்சிட்டார் என்று மடித்து வைப்பாய். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்களே, நம் பகுதிப் பத்திரிகை, அதற்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உன் பெயர் இதில் இல்லை, கிளினிக் பெயரும் இல்லை. கீழ்க்கட்டளையிலும் பெரும்பாக்கத்திலும் தெருவுக்கு இரண்டு பல் கிளினிக் இருக்கிறது, பாதிக் கதவுகளில் இதே பலகைதான். என் பெயரையும் போடவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பெத்த புள்ளைக்கே மொட்டைக் கடுதாசியா போடப்போறீங்க? கேவலமா இல்ல?" என்றாள். இல்லை. பெயர் போட்டால் ஒரு அப்பனுக்கும் மகனுக்கும் வீட்டுத் தகராறு என்று படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள். பெயர் இல்லாவிட்டால், கதவுக்கு வெளியே பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எந்த அப்பாவும் இது தன்னைப் பற்றியதோ என்று ஒரு நிமிஷம் தலை தூக்குவான். எழுந்தும் போவான் என்றால் எனக்கு அது போதும். இரண்டு உறையிலும் ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு தபால் பெட்டிவரை நடக்கப் போகிறேன். இதை எழுதியவர் யார் என்று உன் கிளினிக்கில் யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடு. இல்லை, என் அப்பாதான் என்று சொல்ல உனக்குத் தோன்றினால், அதையும் சொல்லிக்கொள். நான் மறுக்கமாட்டேன்.